மெரூன் வாழையிலை

புத்தலப்பட்டு மெயின் ரோட்டில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் பாலசுந்தரம், கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக ஒரு சபதம் எடுத்தார். என்ன ஆனாலும் சரி, பெண்டாட்டியிடம் உண்மையைச் சொல்லிவிடக் கூடாது.

சும்மா எடுத்த சபதம் இல்லை. அவர் கையில் ஒரு பட்டுப்புடவை இருந்தது. புடவையின் நடுவில் ஓர் ஓட்டை இருந்தது. அப்பளம் அளவு ஓட்டை. பொரிக்காத அப்பளம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். பொரித்த அப்பளம்.

நடந்தது இதுதான். அவருடைய 'பாலு டிஜிட்டல்ஸ்' ஸ்டுடியோவில் எப்போதும் ஒரு பச்சைத் துணி தொங்கும். ஆளை அதன் முன்னால் உட்கார வைத்துப் படம் எடுப்பார். படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, 'கலர் ரேஞ்ச்' என்கிற வசதியைத் திறந்து, பச்சையை ஒரு தொடு தொடுவார். படத்தில் எங்கெல்லாம் பச்சை இருக்கிறதோ அத்தனையையும் கம்ப்யூட்டர் தானே பொறுக்கிக் கொடுத்துவிடும். ஒரு பட்டன். பச்சை காலி, ஆள் பாக்கி. பிறகு வெள்ளை கேட்டவருக்குப் பின்னால் வெள்ளை, நீலம் கேட்டவருக்கு நீலம், பனிமலை கேட்டவருக்குப் பனிமலை. வெதுருகுப்பத்தைத் தாண்டி எங்கும் போகாத எத்தனையோ பேர் பாலசுந்தரத்தின் புண்ணியத்தில் பனியில் நின்றிருக்கிறார்கள். ஸ்வெட்டர் இல்லாமல்.

அந்தத் துணியை எலி கடித்துவிட்டது. கடித்ததுதான் கடித்தது, பென்ஷன் மனுவுக்கு வெள்ளைப் பின்னணியில் படம் வேண்டும் என்று ஊரில் இருக்கிற பெரியவர்கள் எல்லாரும் வரிசை கட்டி நின்ற நாளாகப் பார்த்துக் கடித்தது. பாலசுந்தரம் பின் தெருவில் இருக்கும் வீட்டுக்கு ஓடினார். மனைவி யமுனா மாவு அரைக்கப் போயிருந்தாள். பீரோவைத் திறந்தார். மடிப்புக் கலையாமல், கிளிப்பச்சையில், அகலமாக, நீளமாக, ஒரே நிறமாக ஒரு துணி. தொழில்காரர் கண்ணுக்கு அது புடவையாகத் தெரியவில்லை.

அது யமுனாவின் சீமந்தப் பட்டு. மகள் காவ்யா வயிற்றில் இருந்தபோது, நகரியிலிருந்து அவள் அம்மா பச்சையம்மாள் கொண்டுவந்து கட்டிவிட்டது. அன்னப்பட்சி போட்ட சரிகைக் கரை.

'ஒரு மணி நேரம்தானே' என்றது பாலசுந்தரத்தின் மனசு. அவரும் பச்சைக்கொடி காட்டினார்.

ஆணியில் மாட்டினார். கரை படத்தில் விழாதபடி மடித்துவிட்டார். முப்பது பேரை வரிசையாக எடுத்துத் தள்ளினார். என்ன பச்சை! கடைத்துணி முன்னால் எடுத்தால் பெரியவர்களின் நரைமுடி ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக வரும். இதிலோ ஒவ்வொரு முடியும் தனித்தனியாகப் பிரிந்து வந்தது. இனிமேல் தொழிலுக்குப் பட்டுதான் என்றுகூட ஒரு கணம் நினைத்தார். அந்தக் கணத்தில்தான் பக்கத்தில் இருந்த ஹாலோஜன் விளக்கு ஸ்டாண்டோடு சாய்ந்து புடவையைக் கட்டிப்பிடித்தது.

மயிர் பொசுங்குகிற நாற்றம். வரிசையில் நின்றவர்கள் அவரவர் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். எல்லாம் பத்திரமாக இருந்தது. பட்டு எரிந்தால் அப்படித்தான் நாறும் என்பது பாலசுந்தரத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பக்கத்து டீக்கடை ரங்கையா எட்டிப் பார்த்தார். தெலுங்குக்காரர். பாலசுந்தரத்தோடு பேசும்போது மட்டும் தமிழில் தொடங்கி எங்கேயாவது போய் நிற்பார்.

"ஏமைந்தி அண்ணா? இன்னா கருகுது?"

"என் வாழ்க்கை."

ரங்கையா புடவையைப் பார்த்தார். ஓட்டை வழியாக பாலசுந்தரத்தைப் பார்த்தார்.

"வதினகிட்ட, அதான் அண்ணிகிட்ட, போய் இப்பவே சொல்லிடு. அரை மணி நேரம் திட்டுவாங்க. அய்போயிந்தி, முடிஞ்சிது."

"உனக்கு அவளைத் தெரியாது."

"தெரிஞ்சிதான் அரை மணி நேரம்னேன். என் வூட்ல அரை நாளு."

இதைவிட நல்ல யோசனை இந்தக் கதையில் இனிமேல் வரப்போவதில்லை. பாலசுந்தரம் கேட்கவில்லை. புடவையை ஒரு கோணியில் சுற்றி, ரங்கையா கடைப் பரண்மேல் சர்க்கரை மூட்டைக்குப் பின்னால் ஒளித்தார். அதே மாதிரி இன்னொரு புடவை வாங்கி பீரோவில் வைத்துவிட்டால் முடிந்தது என்று கணக்குப் போட்டார்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மறுநாள் காலையிலேயே யமுனா தோசைக்கரண்டியோடு வந்து சொன்னாள்.

"இன்னாங்க, முரளி பொண்டாட்டிக்கு அடுத்த மாசம் சீமந்தம். திருப்பதியில மண்டபம் எடுத்துக்கீறாங்களாம்." முரளி அவள் தம்பி. "என் பச்சைப் பட்டைத்தான் கட்டிக்கினு போவப் போறேன். நாத்தனார்காரி பச்சை கட்டினா நல்லதாம்."

பாலசுந்தரம் வாயில் இருந்த தோசை தோசையாகவே உள்ளே போனது.

சித்தூர், புத்தூர், நகரி என்று மூன்று ஊரிலும் கடை கடையாக ஏறி இறங்கினார். உலகத்தில் எத்தனை பச்சை இருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. வெற்றிலைப் பச்சை, பாசிப் பச்சை, ராமர் பச்சை, பாட்டில் பச்சை. கிளி மட்டும் எங்கேயோ பறந்து போயிருந்தது. கடைசியில் நகரியில், நாராயணசாமி என்பவரின் கடையில், அதே அன்னப்பட்சிக் கரை கிடைத்தது. அதே அகலம். அதே முந்தி. ஆனால் மெரூன்.

"கரையெல்லாம் அதேதான் சார். உடம்புதான் வேற கலர்" என்றார் நாராயணசாமி.

அந்த ஒரு வார்த்தையில் பாலசுந்தரத்துக்கு வழி பிறந்தது. உடம்பின் கலரை மாற்றுவது யாருடைய தொழில்? போட்டோவில் இருக்கிற மாதிரிப் புடவை கிடைக்கவில்லை. சரி. புடவையில் இருக்கிற மாதிரிப் போட்டோவை மாற்றிவிட்டால்? யமுனாவின் சீமந்தப் பட்டு மெரூன்தான். எப்போதும் மெரூன்தான். ஆல்பம் சொல்கிறது, சுவர் சொல்கிறது, மெரூன் புடவையே பீரோவில் இருக்கிறது. அவள் ஞாபகம் மட்டும் பச்சை என்கிறது. ஒரு ஞாபகத்துக்கு எதிராக எத்தனை சாட்சி!

மறுநாள் மதியம் ஸ்டுடியோ ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சீமந்தப் படங்களைத் திறந்தார். அவரே எடுத்த படங்கள். கலர் ரேஞ்ச். புடவைமேல் ஒரு தொடு. பச்சை அத்தனையும் சிக்கியது. கலர் பட்டையை நகர்த்தினார். மெரூன். ஆஹா.

ஆஹா இல்லை. கம்ப்யூட்டருக்குப் புடவை தெரியாது, பெண்டாட்டி தெரியாது, சீமந்தம் தெரியாது. பச்சை மட்டும்தான் தெரியும். வாசலில் கட்டிய வாழைமரம் மெரூன். மாவிலைத் தோரணம் மெரூன். தட்டில் வெற்றிலை மெரூன். பந்தியில் இருபது இலை போட்டு இருபது பேர் ரத்தக்களரியில் உட்கார்ந்து சாம்பார் சாதம் தின்றுகொண்டிருந்தார்கள்.

டீ கொண்டுவந்த ரங்கையா அப்படியே நின்றுவிட்டார்.

"இது சீமந்தமா அண்ணா, இல்ல சண்டையா?"

பட்டையை இந்தப் பக்கம் இழுத்து, கொஞ்சம் பச்சையை மட்டும் பிடி என்று கம்ப்யூட்டரிடம் சொன்னார். புடவையில் வெளிச்சம் பட்ட இடம் மட்டும் மெரூன் ஆகி, மடிப்பெல்லாம் பச்சையாகவே நின்றது. யமுனா வரிவரியாக இருந்தாள். திரும்பக் கூட்டினார். இந்த முறை பச்சை வளையலும் மெரூன் ஆனது. வளையலை விட்டுப் பிடித்தார். தாடை வந்தது. புடவையின் பச்சை நிழல் கொஞ்சம் அவள் தாடையில் விழுந்திருக்கிறது. கம்ப்யூட்டர் அதையும் பச்சை என்று பிடித்துக்கொண்டது. சீமந்தப் பெண் மெரூன் நிறத்தில் குறுந்தாடியோடு சிரித்தாள்.

"வதினக்கு இது ஒருமாதிரி நல்லாத்தான் உந்தி" என்றார் ரங்கையா.

"நீ போய்யா."

ஆறு மதியம் ஆனது. ஒவ்வொரு படமாக இலையை விலக்கி, வளையலை விலக்கி, தாடையைச் சவரம் செய்து, புடவையை மட்டும் மெரூன் ஆக்கினார். பழைய படங்களின் மேலேயே சேமித்தார். பச்சை என்று ஒரு பிரதிகூட மிச்சம் இருக்கக் கூடாது. ஆல்பத்தைப் புதிதாகப் பிரிண்ட் போட்டார். யமுனா கோயிலுக்குப் போன நேரத்தில் கூடத்துச் சுவரில் இருந்த பெரிய படத்தை மாற்றினார். "ஃபோன் மெதுவா ஓடுது, குடு, சுத்தம் பண்றேன்" என்று அவள் ஃபோனையும் வாங்கிச் சுத்தம் பண்ணினார். மெரூன் புடவையைப் பழைய புடவை மாதிரி நாலு தரம் மடித்து, நாலு தரம் பிரித்து, அந்துருண்டை வாசம் ஏற்றி, பீரோவில் அதே இடத்தில் வைத்தார்.

பாக்கி இருந்தது ஒரே ஒரு படம். நகரியில், மாமியார் வீட்டுச் சுவரில்.

பச்சையம்மாள் விசைத்தறி வீட்டுக்காரி. முப்பது வருடம் நூலோடு வாழ்ந்தவள். ஆனால் கண்ணில் புரை. டிவியில் யார் அழுகிறார்கள் என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள். அதனால் பாலசுந்தரம் தைரியமாகவே போனார். "கண்ணாடி பூத்துப்போச்சு அத்தை, துடைச்சுத் தர்றேன்" என்று படத்தை இறக்கி, உள்ளே இருந்ததை உருவி, மெரூனைச் செருகி மாட்டினார்.

பச்சையம்மாள் தலையைச் சாய்த்துப் படத்தையே பார்த்தாள்.

"நல்லா பளிச்சுனு கீது மாப்ள."

"கண்ணாடி துடைச்சதால அத்தை."

"எனக்கும் கண்ணு ஆப்ரேசன் பண்ணதுல இருந்து எல்லாமே பளிச்சுனு கீது."

பாலசுந்தரம் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "ஆப்ரேசனா? எப்போ?"

"ரெண்டு மாசம் ஆச்சே. யமுனா சொல்லலையா?"

யமுனா சொல்லியிருந்தாள். யமுனா சொல்வதில் பாதியைத்தான் பாலசுந்தரம் காதில் வாங்குவார். இது மறு பாதி. ஆனாலும் மாமியார் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. முறுக்கு கொடுத்தாள். வாசல்வரை வந்து வழியனுப்பினாள். பாவம், வயசாகிவிட்டது, கலரெல்லாம் மறந்திருக்கும் என்று எண்ணி நிம்மதியாகப் பஸ் ஏறினார். பஸ் கிளம்புவதற்கு முன்னால் பச்சையம்மாள் மகளுக்கு ஃபோன் போட்டுவிட்டாள் என்பது அவருக்குத் தெரியாது.

அவருக்குத் தெரியாதது இன்னொன்றும் இருந்தது. புடவை எரிந்த அன்றைக்குப் படம் எடுத்துக்கொண்டவர்களில் செல்லியம்மா என்ற கிழவி, யமுனா வீட்டுக்கு மூன்றாவது வீடு. அவள் நகர்ந்து உட்கார்ந்ததில் மடிப்பு விலகி, புடவைக் கரை ஓரமாகப் படத்தில் விழுந்துவிட்டது. கம்ப்யூட்டர் பச்சையை மட்டும் எடுத்ததே தவிர, சரிகையை எடுக்கவில்லை. சரிகை பச்சை இல்லையே! வெள்ளைப் பின்னணியில் செல்லியம்மாவின் தோள்மேல் தங்கத்தில் ஓர் அன்னப்பட்சி. மனு வாங்குகிற இடத்தில் இந்தப் படம் செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். செல்லியம்மாவுக்கு அதில் வருத்தமே இல்லை. "உன் வூட்டுக்காரரு எந்தோள்ல தங்கப் பட்சி வெச்சிக்கீறாரு பாரு!" என்று யமுனாவிடம் கொண்டுவந்து காட்டிவிட்டு, படத்தைப் பூஜை மாடத்தில் வைத்துவிட்டாள்.

யமுனா அந்தப் பட்சியைப் பார்த்தாள். பிறகு பீரோவைப் பார்த்தாள். அப்போது அங்கே புடவை இல்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தாள். மெரூன் இருந்தது. கூடத்துப் படத்தைப் பார்த்தாள். அம்மாவின் ஃபோனும் வந்தது. பாலசுந்தரத்துக்கு இரண்டு நாள் பாயசம் கிடைத்தது. தன் வேலைத்திறனுக்குக் கடவுள் கொடுத்த பரிசு என்று நினைத்துக் குடித்தார்.

சீமந்தத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், யமுனா பீரோ முன்னால் நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"இன்னாங்க, என் பச்சைப் பட்டைக் காணோம்."

பாலசுந்தரம் ஆறு மதியம் ஒத்திகை பார்த்த முகத்தோடு வந்தார். "எந்தப் பச்சை?"

"சீமந்தப் பட்டு."

"அது மெரூன்."

"பச்சைங்க."

"மெரூன்மே. இதோ, அன்னப்பட்சி. இதுதானே கரை? நீ இன்னா, கனாவுல கட்டிக்கினியா? வந்து போட்டோவைப் பாரு."

கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்ப் படத்தின் முன்னால் நிறுத்தினார். யமுனா ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஆமா, மெரூன்தான் கட்டிக்கினு கீறேன்."

"அதான் சொன்னேன்."

"எனக்குப் பின்னாடி வாழையிலையும் மெரூனா கீதே?"

பாலசுந்தரம் எட்டிப் பார்த்தார். மூலையில் ஒரே ஓர் இலை. ஆறு மதியமும் அவர் கண்ணுக்குத் தப்பிய இலை.

"அது... செவ்வாழை."

"செவ்வாழையில பழம்தானே செவப்பு?"

"இலையும் செவக்கும். அந்த வருசம் மழை கம்மி."

"ஓகோ" என்றாள் யமுனா. ஆல்பத்தை எடுத்துப் புரட்டினாள். ஃபோனில் தேடினாள். எல்லாம் மெரூன். கடைசியில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு. இத்தனை வருசமா பச்சைன்னே நெனைச்சுக்கினு கீறேன் பாருங்க."

பாலசுந்தரத்துக்கு மனசுக்குள் மேளம் கொட்டியது. பச்சைப்பிள்ளையைத் தேற்றுகிற மாதிரி அவள் தோளைத் தட்டினார். "பரவால்ல விடு. எல்லாருக்கும் வர்றதுதான்."

"அப்போ எங்கிட்ட பச்சைப் பட்டு இல்லவே இல்ல?"

"இல்லவே இல்ல."

"எப்பவும் இருந்தது இல்ல?"

"சத்தியமா இல்ல."

யமுனா எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"அப்போ கெளம்புங்க. நகரிக்குப் போய் ஒண்ணு வாங்கிக்கினு வந்துடலாம். நாத்தனார்காரி பச்சை கட்டியே ஆவணும்னு சம்பந்தி வூட்ல சொல்லிக்கீறாங்க. கல்யாணமாகி பன்னெண்டு வருசம், ஒரு பச்சைப் பட்டுக்கு வழியில்லாம கீறேன். வெளிய சொன்னா உங்களுக்குத்தான் அசிங்கம்."

நகரியில் பஸ் ஸ்டாண்டிலேயே பச்சையம்மாள் தயாராக நின்றுகொண்டிருந்தாள். ஊரில் எத்தனையோ பட்டுக்கடை. அவள் நேராக நாராயணசாமி கடையில் போய்ச் செருப்பைக் கழற்றினாள்.

"வாங்க சார்!" என்று நாராயணசாமி எழுந்து நின்றார். "அன்னைக்கு எடுத்துக்கினு போனீங்களே, மெரூன், வூட்ல பிடிச்சுதா?"

பாலசுந்தரம் திரும்பிப் பார்த்தார். யமுனா அலமாரியில் இருந்த புடவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் காது கேட்காமல் போயிருந்தது.

"கிளிப்பச்சையில, அன்னப்பட்சிக் கரை இருக்குதா?" என்றாள் யமுனா.

"நேத்துதாம்மா வந்துச்சு."

வந்து விழுந்தது புடவை. அச்சு அசல் அதே பச்சை. பாலசுந்தரம் எழுந்துவிட்டார்.

"யோவ், அன்னைக்குக் கேட்டப்போ இல்லேன்னியே!"

"அன்னைக்கு இல்ல சார். நேத்துதான் வந்துச்சு."

ஒரு மனிதன் எவ்வளவுதான் தாங்குவான்? பாலசுந்தரம் யமுனாவை ஓரமாக இழுத்தார். சபதம் உடைந்தது.

"ஏமே, கேளு. உங்கிட்ட பச்சைப் பட்டு இருந்துச்சு. கிளிப்பச்சை. நான்தான் ஸ்டுடியோவுல மாட்டினேன். லைட்டு விழுந்து ஓட்டையாயிடுச்சு. இதோ, உங்கம்மா மேல ஆணையா சொல்றேன்."

யமுனா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"பாத்தியாம்மா, ஒரு புடவை வாங்கித் தரக் கூடாதுன்னு உம் மாப்ள இன்னா பச்சைப் பொய் சொல்றாருன்னு!"

"பொய் இல்லமே, நெஜமாவே பச்சை!"

"ஆமா, பச்சைதான். பச்சைப் பொய்." ஃபோனை எடுத்து நாராயணசாமியிடம் நீட்டினாள். "நீங்களே பாருங்கண்ணா. என் சீமந்தப் போட்டோ. நான் கட்டிக்கினு கீறது இன்னா கலரு?"

"மெரூன்மா."

"கீழ இன்னா எழுதிக்கீது?"

"பாலு டிஜிட்டல்ஸ், புத்தலப்பட்டு."

"அது இவரு ஸ்டுடியோதான்."

நாராயணசாமியின் முகம் மலர்ந்தது. "சார் போட்டோகிராபரா? அன்னைக்கே சொல்லக் கூடாதா? நான் ஆளைத் தேடிக்கினு கீறேன் சார். புடவையெல்லாம் போட்டோ எடுத்து வாட்ஸப்புல போடணும். போன ஆளு ஒரு கலரு எடுத்தா போட்டோவுல வேற கலரு வருது. வாங்கினவங்க திருப்பி அனுப்புறாங்க. உள்ள கலரு உள்ளபடி எடுக்குற ஆளா வேணும் சார்." குரலைத் தாழ்த்தினார். "நீங்க கலரை மாத்தற ஆளு இல்லையே?"

கடையில் எல்லாரும் பாலசுந்தரத்தைப் பார்த்தார்கள். அத்தனை புடவைக்கும் மாதா மாதம் வேலை. இருபது வருடமாகப் பாஸ்போர்ட் சைஸிலேயே வாழ்ந்த மனிதர் அவர். படம் பொய் என்றால் தொழில் போச்சு. படம் நிஜம் என்றால் புடவை வாங்கியாக வேண்டும்.

பச்சையம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "நான் முப்பது வருசம் தறியில நூல் பாத்தவ. இப்போ கண்ணும் புதுசு. அந்தப் போட்டோவுல கலரு தப்பா இருந்தா எனக்குத் தெரியாதா? மாப்ள எடுத்தா எடுத்ததுதான். நீங்களே சொல்லுங்க மாப்ள."

"உள்ள கலரை... உள்ளபடி எடுப்பேன்" என்றார் பாலசுந்தரம். பச்சைத் தண்ணீர் ஒரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"அப்போ அதை மடிச்சுக் குடுங்கண்ணா" என்றாள் யமுனா.

சீமந்தம் திருப்பதியில் ஜேஜே என்று நடந்தது. யமுனா கிளிப்பச்சையில் வந்தாள். மெரூனைப் பச்சையம்மாள் கட்டிக்கொண்டு வந்தாள். "எனக்கு எதுக்கும்மா, புதுப்பட்டு மாதிரி கீது" என்று அவள் கேட்டாளாம். "பழசுதான், கட்டிக்க" என்று மகள் சொன்னாளாம். மண்டபத்தில் நுழைந்ததிலிருந்து யமுனாவின் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவள் கன்னத்தைத் தொட்டார்கள். "அன்னைக்கு உன் சீமந்தத்துல பாத்த மாதிரியே கீறடி. அதே பச்சை!" ஓர் ஆல்பத்தை மாற்ற ஆறு மதியம் ஆனது. இருநூறு பேரின் கண்ணை எப்படி மாற்றுவது? பாலசுந்தரம் பந்தியில் உட்கார்ந்து, எதிரில் இருந்த வாழையிலையைப் பார்க்காமலேயே சாப்பிட்டார்.

திரும்புகிற பஸ்ஸில், ஒரு சொந்தக்காரர் கும்பல் முன் சீட்டில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் அவர் மெதுவாகக் கேட்டார்.

"உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"செல்லியம்மா தோள்ல பட்சியைப் பாத்ததுலேர்ந்து."

"அப்போ ஆரம்பத்துலேர்ந்தே!"

"ஓட்டை விழுந்துடுச்சுன்னு வந்து நின்னிருந்தா, அன்னைக்கே திட்டி முடிச்சிருப்பேன். அரை மணி நேரம். ரங்கையாண்ணன்கூட அதான் சொன்னாரு." யமுனா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "புடவை போனா போவுது. காவ்யா வயித்துல இருந்தப்போ எடுத்த போட்டோங்க அது. அன்னைக்கு நான் எப்படி இருந்தேன்னு எனக்குத் தெரியறதுக்கு அது ஒண்ணுதான் கீது. அதைப் போய் மாத்தினீங்களே."

பாலசுந்தரம் பாகாலா திருப்பம்வரை தலை குனிந்தே வந்தார். "திரும்பப் பச்சையா மாத்திடறேன்" என்றார் கடைசியில். "ஒரு படம் விடாம."

சொன்னபடியே உட்கார்ந்தார். மெரூனைத் தொட்டால் குங்குமமும் வந்தது, உதடும் வந்தது. பத்து நாள் ஷட்டரை முழுசாகத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்தார். ஒளிக்க ஒன்றும் இல்லாததால் வேலை நன்றாக வந்தது. உதடு உதடாக நின்றது. இலை இலையானது.

பதினோராம் நாள் யமுனாவே ஸ்டுடியோவுக்கு வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் தொழிலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. அன்றைக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நல்லா வந்துக்கீதுங்க. எப்படித்தான் பண்றீங்க? திருப்பதியில எடுத்த படத்தைப் போட்டு ஒரு தரம் செஞ்சு காட்டுங்க."

பாலசுந்தரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. புதுப் பச்சைப் பட்டில் அவள் நிற்கிற படத்தைத் திறந்தார். கலர் ரேஞ்சை விளக்கினார். ஒரு தொடு தொட்டார். புடவை மட்டும், புடவை மட்டுமே சிக்கியது. வளையல் தப்பியது. தாடை தப்பியது.

"இதை இப்படி நகர்த்தினா நீலம்."

"அட!"

"இப்படின்னா ஊதா. இதோ மாம்பழ மஞ்சள். இது வெங்காயக் கலர்."

"ஐயோ, இது எவ்ளோ நல்லா கீது! இன்னும் காட்டுங்க."

காட்டினார். மயில்கழுத்து, அரக்கு, காப்பிப்பொடி, தாமரை. பதினான்கு கலரில் பதினான்கு யமுனா. ஒன்றிலும் பிசிறு இல்லை. வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக அவர் வேலை செய்ததே இல்லை. பெண்டாட்டியின் பாராட்டு முதுகில் இளம்வெயில் மாதிரி இதமாகப் பட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நெஞ்சு நிமிர்ந்து, பதினான்கையும் ஒரே பக்கத்தில் வரிசையாக அடுக்கிக் காட்டி, "எது பிடிச்சுது, சொல்லு" என்றார்.

யமுனா ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்து எழுந்தாள்.

"எல்லாமே நல்லாத்தான் கீது, ஒண்ணையும் அழிச்சிடாதீங்க. வர்ற தீபாவளிக்கு அந்த ஊதா, மீதியெல்லாம் வருசத்துக்கு ஒண்ணா வாங்கிக்கலாம்."